கோட்டிற்கு வெளியே நின்ற ஆசிரியர்: சையத் அப்துல் ரஹீம் சாகிப்

திருப்பூர் வட்டாரத்தில் வாழ்வோர்க்குக் கட்டிங் மாஸ்டர் என்பவர் யாரென விளக்க வேண்டுவதில்லை. துணியை அடுக்கி, அளவு பார்த்து வெட்டித் தருபவர் அவர். அவர் கை பிசகுமாயின், பின்னர் ஓவர்லாக்கில் அமர்ந்து தைப்பவர் எத்துணைத் திறம் உடையவராயினும் பனியன் உருப்பெறாது. ஆயினும் கடல் கடந்து செல்லும் அவ்வாடையில் கம்பெனியின் முத்திரை இருக்குமேயன்றி வெட்டியவர் பெயர் இராது. விளையாட்டுலகில் பயிற்றுநரின் நிலையும் இதுவே. கோல் அடித்தவர் பெயரை நாடு நினைவில் வைக்கின்றது. கோட்டிற்கு வெளியே நின்று அவரை உருவாக்கியவர் பெயரை மறந்துவிடுகின்றது.

அவ்வாறு நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் மாணவர் முன்வைக்க விழைகின்றோம். இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தைத் தம் கையால் வார்த்த அப்பெருமகனார், ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் சாகிப் ஆவார். அவர் செல்வரல்லர், பதவியாளரல்லர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு அவர்பால் ஈடுபாடு தோன்றியதற்கு அதுவே முதற்காரணம்.

பள்ளியும் பந்தும்

ரஹீம் சாகிப் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். நிஜாம் ஆட்சியின்கீழ் அந்நகரம் கல்வியிலும் கலையிலும் சிறந்து விளங்கிய காலம் அது. 1918 இல் நிறுவப்பெற்று, உருது மொழியையே பயிற்றுமொழியாகக் கொண்டு இயங்கிய உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்று பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணியில் ஆடி நல்ல ஆட்டக்காரர் எனப் பெயரும் பெற்றார்.

பட்டம் பெற்றபின் அவர் மேற்கொண்டது ஆசிரியப் பணியே. காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி முதலியவற்றில் அவர் பணியாற்றினார். இடையில் உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். வகுப்பறையில் பாடம் நடத்திய அதே நிதானத்தோடு மாலையில் திடலிலும் பாடம் நடத்தினார். இவ்விரண்டையும் அவர் வேறுவேறாகக் கருதவில்லை என்பதே அவர் வாழ்வைப் புரிந்துகொள்ளும் திறவுகோல்.

1940களில் அவர் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். பரிசளிப்பு மேடையில் அமர்வதற்காக அவர் அப்பொறுப்பை ஏற்கவில்லை. இளைஞர்க்கெனப் புதுவகைப் போட்டிகளை வகுத்தார். பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு பலரை ஏய்த்து ஓடும் ஆட்டத்தில் நம் நாட்டு வீரர்க்கு மோகம் மிகுதி. அதனை அடக்க, அவ்வாறு ஓடுதலையே தடைசெய்த போட்டிகளை நடத்தினார்; பந்து வந்ததும் தோழருக்கு அனுப்பியாக வேண்டும். வலக்கால் பழக்கம் உடையவர் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டிகளையும் நடத்தினார். மாணவனுக்கு எந்தப் பாடம் கடினமோ அதனையே மீண்டும் மீண்டும் எழுதச் செய்யும் நல்லாசிரியரின் முறை இதுவன்றோ!

தொடர்ந்து ஐந்து கோப்பைகள்

1950 இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்றுநர் பொறுப்பு அவரிடம் வந்தது. இறுதி மூச்சு வரை அவர் அப்பொறுப்பில் நீடித்தார். பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. நாட்டின் மிகப் பழைய போட்டியான டூரண்ட் கோப்பையையும் பலமுறை கைப்பற்றியது. கல்கத்தாவின் பெருங்கழகங்களே இந்தியக் கால்பந்து என்றிருந்த நிலையைத் தென்னாட்டின் ஒரு போலீஸ் அணி மாற்றியது. 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் ஹைதராபாத் மாநில அணி சந்தோஷ் கோப்பையை வென்றதும் அவர் பயிற்சியின் பயனே.

இவ்வெற்றிகளின் காலப்பின்னணி கருதத்தக்கது. நாடு பிரிவினையுற்றது 1947 இல். ஹைதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது 1948 செப்டம்பரில். ஐயமும் அச்சமும் மனங்களில் ஆறாதிருந்த நாட்கள் அவை. அத்தகைய சூழலில் ஹைதராபாத் முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் இந்திய அணியின் பயிற்றுநராக அமர்ந்தார். அவர் தம் நாட்டுப்பற்றை மேடையேறி முழங்கவில்லை. தமக்குத் தெரிந்த தொழிலைச் செம்மையாகச் செய்தார். அதுவே போதிய சான்றாயிற்று.

1951 மார்ச் திங்களில் முதல் ஆசிய விளையாட்டு விழா டெல்லியில் நடைபெற்றது. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானத்தையும் வென்று இந்தியா இறுதிப்போட்டியை அடைந்தது. எதிரணி ஈரான். மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. சைலன் மன்னா அணித்தலைவராய் விளங்கினார்.

தோல்வி தந்த பாடம்

வெற்றியாளர் வரலாறு எழுதுவோர் தோல்விகளை மறைப்பதுண்டு. நாம் அவ்வாறு செய்யப்போவதில்லை. ஏனெனில் ரஹீம் சாகிபின் பெருமை தோல்வியிலிருந்தே தொடங்குகின்றது.

1952 இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் நடைபெற்றது. இந்திய வீரர் பலர் அந்நாளில் வெறுங்காலுடனேயே ஆடினர். 1948 இல் லண்டனில் அவ்வாறு ஆடியே பிரான்சுடன் 1-2 என்னும் கணக்கில் நெருங்கித் தோற்றிருந்தனர். ஆயின் ஹெல்சிங்கியின் குளிரும் ஈரத்தரையும் வெறுங்கால்களுக்கு இடம் தரவில்லை. யூகோஸ்லாவியா பத்துக் கோல்கள் அடித்தது. இந்தியாவிற்குக் கிடைத்தது அகமது கான் அடித்த ஒன்றே.

இத்தகைய வீழ்ச்சிக்குப்பின் தட்பவெப்பத்தைக் குறை கூறுதல் எளிது. விதியை நோதல் அதனினும் எளிது. ரஹீம் சாகிப் குறையைத் தம் முறையில் தேடினார். பின்களத்தில் இருவரை மட்டும் நிறுத்தும் பழைய அமைப்பு இனி உதவாது எனக் கண்டு, மூவரை நிறுத்தும் முறைக்கு அணியை மாற்றினார். அந்நாளில் உலகையே வியக்கவைத்த அங்கேரி அணியின் ஆட்டமுறையை ஊன்றிக் கவனித்துத் தம் வீரர்க்குப் பொருந்தியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். காலணி அணிந்து ஆடுதலும் அத்தோல்விக்குப்பின் கட்டாயமாயிற்று. உடல் வலிமையில் ஐரோப்பியருக்கு ஈடாகாத நம்மவர், பந்தைக் காலில் தங்கவிடாது விரைந்து கைமாற்றுவதன் மூலமே அவரை வெல்லவியலும் என்பது அவர் தேர்ந்த முடிவு.

அதன் விளைவை உலகம் 1956 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கண்டது. முதற்சுற்றில் அங்கேரி பங்கேற்காது விலகியது. அடுத்து டிசம்பர் முதல் நாள், போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே இந்தியா 4-2 எனத் தோற்கடித்தது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவரே. ஒலிம்பிக் அரையிறுதியை அடைந்த முதல் ஆசிய அணி என்னும் சிறப்பும் இந்தியாவிற்குக் கிட்டியது. அணியை வழிநடத்தியவர் சமர் பானர்ஜி.

அரையிறுதியில் எதிர்நின்றது அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதற்கோலை அடித்தது இந்தியா. முடிவில் 1-4 எனத் தோற்றதாயினும், நான்கு ஆண்டுகளுக்கு முன் 1-10 எனத் தோற்ற அணியா இது எனக் கண்டோர் வியந்தனர். மூன்றாமிடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என வென்றது. பதக்கமின்றி நான்காமிடத்துடன் திரும்பிய அவ்வணி எய்திய உயரத்தை, பின்வந்த இந்திய அணி எதுவும் ஒலிம்பிக்கில் எய்தவில்லை.

தமிழ் மண்ணின் தொடர்பு

ரஹீம் சாகிபின் பட்டறையில் உருவானோருள் தமிழர்க்கு நெருக்கமான இருவரை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும்.

ஒருவர் துளசிதாஸ் பலராமன். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். காலணி வாங்கவும் வசதியற்ற இளைஞர். அவர் ஆட்டத்தைக் கண்ட ரஹீம் சாகிப் பயிற்சிக்கு அழைத்தபோது, அத்தனை தொலைவு நாள்தோறும் வந்துபோகக் கையில் காசில்லை என்பதே தடையாய் நின்றது. வாடகைச் சைக்கிளுக்கான தொகையை ஆசிரியரே தந்து அவரை வரவழைத்தார் என்பர். அவ்விளைஞர் மெல்போர்னிலும் ரோமிலும் ஜகார்த்தாவிலும் இந்தியாவிற்காக ஆடினார். நாட்டின் தலைசிறந்த முன்கள வீரருள் ஒருவராகப் போற்றப்பட்டு, 2023 இல் மறைந்தார். ஒரு சைக்கிள் வாடகை எத்தகைய முதலீடாயிற்று என்பதை நம் மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மற்றவர் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த இவர் 1953 இல் படையில் சேர்ந்து, நமக்கு அண்மையிலுள்ள நீலகிரி வெலிங்டனில் இயங்கும் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் ஆடினார். அவ்வணி 1955 இலும் 1958 இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. முன்கள வீரராகத் தொடங்கிப் பின்னர் கோல் காவலரானவர் அவர். ஆசியாவின் சிறந்த கோல் காவலர் எனவும் ஒருகாலத்தில் பாராட்டப்பெற்றார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா முதற்சுற்றிலேயே வெளியேறியது. ஆயினும் வலிமைமிக்க அங்கேரியிடம் 1-2 என நெருங்கியே தோற்றது. பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 எனத் தோற்றது. அதன்பின் இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை.

ஜகார்த்தாவின் இறுதி வெற்றி

1962 இல் ஆசிய விளையாட்டு விழா இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடைபெற்றது. அதற்கு முன்னரே ரஹீம் சாகிபின் உடல் நலியத் தொடங்கியிருந்தது. நுரையீரலில் புற்றுநோய் பற்றியிருந்தது. அவர் இடையறாது புகைபிடிக்கும் பழக்கம் உடையவராயிருந்தார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. வீரரின் மூச்சையும் ஓட்டத்தையும் அளந்து அறிந்த ஒருவர், தம் மூச்சைக் காத்துக்கொள்ளத் தவறினார். பெரியோரிடம் கற்க வேண்டியவற்றுள் விலக்க வேண்டியதும் ஒன்றுண்டு என்பதை இளைஞர் இதனால் அறிவாராக.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. பின்னர் தாய்லாந்தை 4-1 எனவும், ஜப்பானை 2-0 எனவும் இந்தியா வென்றது. இதனிடையே பின்களத்தின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையலிட நேர்ந்தது. பந்தைத் தலையால் தடுத்துக் காக்கும் பின்களத்தில் அவரை நிறுத்த இயலாது. பிறராயின் அவரை வெளியே அமர்த்தியிருப்பர். ரஹீம் சாகிப் அவரை முன்களத்திற்கு மாற்றினார். ஜர்னைல் சிங் அரையிறுதியில் ஒரு கோல் அடித்தார்; தென்வியட்நாமை 3-2 என வென்று இந்தியா இறுதிப்போட்டியை அடைந்தது.

களத்திற்கு வெளியேயும் ஒரு போராட்டம் இருந்தது. இஸ்ரேல், தைவான் நாட்டு வீரர்க்கு இந்தோனேசியா இடமளிக்காததை இந்தியாவின் ஒலிம்பிக் பிரதிநிதி சோந்தி கண்டித்தார். அதனால் மக்கள் சினம் இந்தியர்மீது திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4 ஆம் நாள் இறுதிப்போட்டியில் மாபெருங்கூட்டம் இந்திய வீரரை எள்ளி இரைந்தது. அக்கூட்டத்தினிடையே பாகிஸ்தான் ஹாக்கி வீரர் சிலர் இந்தியாவை ஊக்கி ஆரவாரித்தனர் எனச் சொல்லப்படுவது நெஞ்சைத் தொடும் செய்தி.

முதல் ஆட்டத்தில் வென்ற தென்கொரியாவே மீண்டும் எதிரில் நின்றது. இருபது நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் சிங் ஒன்றுமாக இரு கோல்கள் அடித்தனர். உடல் நலமின்றி முந்தைய ஆட்டங்களில் ஆடாதிருந்த தங்கராஜ், இறுதியில் கோல் காவலராய் நின்றார். ஆட்டத்தின் முடிவில் கொரியா ஒன்றே அடிக்க, 2-1 என இந்தியா தங்கம் வென்றது. சுனி கோஸ்வாமி தலைமையில் ஆடிய அப்பதினொருவரை எண்ணிப் பாருங்கள்: ஹைதராபாத்தின் தங்கராஜ், பலராமன், யூசுப் கான், வங்கத்தின் கோஸ்வாமி, பானர்ஜி, அருண் கோஷ், பிரசாந்த சின்ஹா, பஞ்சாபின் ஜர்னைல் சிங், திரிலோக் சிங், கேரளத்தின் சந்திரசேகர், கோவாவின் பிராங்கோ. இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறித்தவர் என நால்வகைச் சமயத்தாரும், பல மொழியாரும் ஒரே பந்தை ஒருவருக்கொருவர் நம்பி அனுப்பிய ஆட்டம் அது. தனித்து ஓடாதே, தோழருக்கு அனுப்பு என்று அவ்வாசிரியர் ஆண்டுக்கணக்கில் கற்பித்த பாடத்தின் முழுப்பொருள் அன்று விளங்கிற்று.

ஒன்பது திங்கள் கழிந்து, 1963 ஜூன் 11 ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் அகவையில், ரஹீம் சாகிப் ஹைதராபாத்தில் இறைவனின் அழைப்பை ஏற்றார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவருக்குப்பின் இந்தியா ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கத்தை மீண்டும் பெறவேயில்லை.

விட்டுச் சென்றவை

பயிற்றுநரைப் போற்றும் துரோணாச்சாரியார் விருது 1985 இல் ஏற்பட்டது. அவர் மறைந்து 22 ஆண்டுகள் கழிந்தபின். அவர் வரலாற்றைத் தழுவிய மைதான் என்னும் இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்த பின்னரே இளந்தலைமுறையில் பலர் அவர் பெயரை முதன்முறையாகக் கேட்டனர். அறுபது ஆண்டுகள் நாம் அவரை மறந்திருந்தோம் என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

ஆயினும் ஆசிரியரின் பணி விருதோடு முடிவதில்லை. மாணவர் வழியே தொடர்வது. அவரிடம் பயின்ற பி.கே. பானர்ஜி பின்னாளில் நாடறிந்த பயிற்றுநரானார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்திய அணியின் பயிற்றுநராக அவர் விளங்கியபோது, துணைப் பயிற்றுநராக உடன் நின்றவர் ரஹீம் சாகிபின் மைந்தர் சையத் ஷாஹித் ஹகீம். ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். விமானப்படை அதிகாரியாகவும் பன்னாட்டு நடுவராகவும் பணியாற்றி 2021 இல் மறைந்தவர். தந்தையின் மாணவருக்கு மைந்தர் துணைநின்றார்! பயிற்றுநரின் பெயரே மங்கிவிடும் உலகில் துணைப் பயிற்றுநரை நினைப்பார் யார்? ஆயினும் ஓர் அணியில் பந்தைப் பொறுக்கி வைப்பதும், காயத்திற்குக் கட்டுப்போடுவதும், சோர்ந்தவனைத் தனியே அழைத்துப் பேசுவதும் பெரும்பாலும் அவர் கையால் நிகழ்பவை.

நம் வட்டார நிலையை எண்ணிப் பார்க்கின்றோம். பகலில் கல்லூரி, மாலையில் பனியன் கம்பெனி, இரவில் அரை ஷிப்டு என உழைக்கும் மாணவர் நம்மிடையே உள்ளனர். மாலைத் திடலுக்கு வருவது அவர்க்குக் கூலியிழப்பு. விளையாட்டு வீண்பொழுது எனக் கருதும் பெற்றோரும் உளர்; அவர் வறுமையை அறிந்த நாம் அவரைக் குறைகூற மாட்டோம். ஆயின் அம்முகுடாவின் பலராமனும் அத்தகைய இல்லத்தில் பிறந்தவரே. அவருக்கும் பெருவாழ்விற்கும் இடையே நின்றது சைக்கிள் வாடகை மட்டுமே. அதனைக் கண்டறிந்து தர ஓர் ஆசிரியர் இருந்தார்.

சமுதாயப் பெரியோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. கல்வி உதவித்தொகை வழங்கும் நல்லுள்ளங்கள் திடலையும் சற்று நோக்கலாம். ஓரிணைக் காலணி, பேருந்துக் கட்டணம், ஆட்டம் முடிந்தபின் ஒருவேளை உணவு ஆகிய இவை பெருஞ்செலவல்ல. ஆசிரியத் தோழர்க்கு நாம் கூறவேண்டுவது வேறொன்று. வருகைப் பதிவில் இல்லையெனக் குறிக்கும்முன், அவன் ஏன் வரவில்லை என ஒருமுறை கேட்போம். ரஹீம் சாகிப் செய்த பெருஞ்செயல்களுள் முதலாவது, அவ்வாறு கேட்டதே ஆகும்.

எல்லாம் வல்ல இறைவன் அன்னாரின் பிழை பொறுத்து, உயர்பதவி அருள்வானாக. ஆமீன்.